களைத்தவனுக்கு ஒரு கட்டில்

கேம்ப் பகுதியில் குடிவரும் தமிழ் மாணவன் முதல் வாரத்திலேயே ஒன்றைக் கற்றுக்கொள்கிறான். பிற்பகலில் கடைக்குப் போகக் கூடாது. ஈஸ்ட் ஸ்ட்ரீட்டில் உள்ள கயானி பேக்கரியையே எடுத்துக்கொள்வோம். 1955ஆம் ஆண்டு ஈரானிய வழியினர் தொடங்கிய கடை அது. ஷ்ரூஸ்பெரி பிஸ்கட்டும் மாவா கேக்கும் அங்கே பெயர் பெற்றவை. விடுமுறைக்கு ஊர் செல்பவருள் அந்தப் பெட்டி இரண்டேனும் வாங்காமல் ரயில் ஏறுகிறவர் நம்மில் குறைவு. காலையில் அங்கே முட்டி மோதித்தான் உள்ளே போகவேண்டும். அவ்வளவு வியாபாரம் நடக்கும் கடை, நண்பகல் கடந்ததும் கதவை அடைத்துவிடுகிறது. வெளியே பத்துப் பேர் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாலும் கவலை இல்லை. வேண்டுமானால் மாலையில் வரலாம்.

இந்த வழக்கம் கேம்புக்கு மட்டும் உரியதன்று. நகரின் பழைய பேட்டைகளிலும் ஒரு மணி முதல் நான்கு மணி வரை ஓய்வு என்பது எழுதாத சட்டம்போல் இருந்துவந்தது. அதைப்பற்றி இவ்வூரார் தாமே சொல்லிச் சிரிக்கும் வேடிக்கைகள் பல. பாக்கர்வடிக்குப் பெயர்போன சித்தளே பந்து கடையினர் 2017இல், இனிப் பிற்பகலிலும் கடையை மூடுவதில்லை என்று முடிவு செய்தபோது, அது செய்தித்தாள்களில் செய்தியாக வந்தது! உலகில் மற்ற ஊர்களில் கடை மூடினால் செய்தி. இங்கே கடை திறந்திருந்தால் செய்தி.

முதலாண்டில் நானும் இதைக் கேலி செய்தவன்தான். "தூங்குமூஞ்சி ஊர்" என்று வீட்டாரிடம் தொலைபேசியில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இன்று அப்படிச் சொல்ல நா எழவில்லை. அதற்குக் காரணம் அதே கடையின் அடைத்த கதவுக்கு முன்னால் நான் சந்தித்த ஒரு தம்பி.

அவனை நம் மன்றத்து நண்பர்கள் பலர் அறிவார்கள், பெயர் சொல்லவில்லை. சென்ற ஆண்டு நாம் நடத்திய பட்டிமன்றம் நினைவிருக்கிறதா? 'இளைஞரின் முன்னேற்றத்திற்குப் பெரிதும் வேண்டுவது கனவா, உழைப்பா?' என்பது தலைப்பு. நடுவர் நான். கனவு அணியின் இரண்டாம் பேச்சாளர் குரலை உயர்த்திப் பேசிக்கொண்டிருந்தபோது, மூன்றாம் வரிசையில் ஒருவன் தலை சாய்ந்து, வாய் திறந்து, நன்றாக உறங்கிக்கொண்டிருந்தான். நடுவர் என்றால் நகைச்சுவை சொல்லியே தீரவேண்டும் என்பது நம் மேடைகளின் வழக்கம் அல்லவா? நானும் சொன்னேன். "வழக்கு முடிந்துவிட்டது. மூன்றாம் வரிசையில் ஒரு தம்பி உழைப்பைக் கைவிட்டுக் கனவின் பக்கம் சேர்ந்துவிட்டார்!" அரங்கம் அதிர்ந்தது. கைதட்டல் ஓசையில் அவன் திடுக்கிட்டு விழித்தான். எல்லாரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டான். ஒரு சிரிப்பு சிரித்தான். பிறகு எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனான். அதன்பின் அவன் மன்றத்துக்கு வரவில்லை. அன்றைய பட்டிமன்றத்தில் யார் என்ன பேசினார்கள் என்பது எனக்கு மறந்துவிட்டது. என் நகைச்சுவையைப் பலர் பாராட்டியது மட்டும் நினைவில் இருக்கிறது.

பல திங்கள் கழித்து, மூடிய பேக்கரிக்கு முன்னே இருவரும் எதிர்ப்பட்டோம். தங்கைக்குத் திருமணம் உறுதியாகியிருந்தது. பிஸ்கட் பெட்டி வாங்க வந்திருந்தான். கடை திறக்க இரண்டு மணி நேரம் இருந்தது. பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டே பேசினோம். நான்தான் பேச்சை எடுத்தேன். அன்று அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றேன்.

"விடுங்கண்ணா, நான் தூங்கினது உண்மைதானே" என்றான்.

பிறகு மெல்ல மெல்ல விவரம் வந்தது. இரவில் ஒரு பார்சல் கிடங்கில் அவனுக்கு வேலை. பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுவதும் அவற்றை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்குவதும். காலையில் வகுப்பு. கேம்பில் ஓர் அறையை நால்வர் பங்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள். கட்டில் இரண்டு. ஒவ்வொரு கட்டிலுக்கும் இரண்டு பேர். ஒருவன் இரவில் படுப்பான், ஒருவன் பகலில் படுப்பான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இந்தக் கணக்கு இடிக்கும். இரவில் படுப்பவனுக்கு அன்று விடுமுறை, அவன் எழுந்திருக்கமாட்டான். அதனால் ஞாயிறு பகலில் இவனுக்குக் கட்டில் இல்லை.

"அதான் மன்றத்துக்கு வந்தேன். வந்து உட்கார்ந்தா தமிழ்க் குரலாக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. எங்க வீட்டுத் திண்ணையில பெரியவங்க உட்கார்ந்து பேசுவாங்க, நாங்க பக்கத்துல பாயில படுத்திருப்போம். அது மாதிரி இருந்துச்சுண்ணா. கண்ணு சொக்கிருச்சு."

நண்பர்களே, இதைக் கேட்டபோது என் நிலை எப்படி இருந்திருக்கும்! என் பேச்சின் சுவையின்மையால் அவன் உறங்கினான் என்று அன்று எண்ணினேன். உண்மையில் இந்த நகரத்திலே அச்சமில்லாமல் கண் மூடலாம் என்று அவனுக்குத் தோன்றிய ஒரே இடம் நம் மன்றமாக இருந்திருக்கிறது. நாம் கைதட்டி அவனை எழுப்பிவிட்டோம்.

அன்று முதல் களைப்பைப்பற்றி அடிக்கடி எண்ணுகிறேன். நம் வளாகத்தில் களைக்காதவர் யார்? ஆராய்ச்சி மாணவர் களைத்திருக்கிறார். செய்முறைத் தேர்வுக்காரர் களைத்திருக்கிறார். வேலைக்கு விண்ணப்பம் போட்டுப் போட்டே களைத்தவர் சிலர். ஆயினும் "எப்படி இருக்கிறாய்?" என்றால் "நன்றாக இருக்கிறேன்" என்ற விடைதான் எல்லார் வாயிலும். இரவு மூன்று மணி வரை விழித்திருந்தேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோர் உண்டு. விழித்திருந்ததைச் சொல்கிறார்களே தவிர, அதனால் உண்டான களைப்பைச் சொல்வதில்லை. களைப்பு என்றால் தோல்வி என்று ஆகிவிட்டது. உடல் களைப்பு உறங்கினால் தீரும். களைப்பை மறைக்கும் களைப்பு எதனால் தீரும்? ஒருவன் முன்னே "என்னால் முடியவில்லை" என்று சொல்லி உட்கார முடிந்தால், அந்த ஒருவனை நண்பன் எனலாம். மற்றவர் எல்லாம் அறிமுகமானவர்.

உழைப்பையும் ஓய்வையும் பற்றி நம் நாட்டில் பேசாதவர்கள் இல்லை. சிங்காரவேலர் 1923இல் சென்னையில் மே நாள் விழாக் கொண்டாடினார். இந்தியாவில் அதுவே முதல் மே நாள் என்பர். எட்டு மணி நேர வேலை என்பதுதான் உலகெங்கும் அந்த நாளின் முழக்கம். 1946இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு வார வேலை நேரம் 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்தபோது, அரசில் தொழிலாளர் துறையைக் கவனித்தவர் அம்பேத்கர். தமிழ்நாட்டிலே 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு இடம் தரும் சட்டத் திருத்தம் நிறைவேறியது, எதிர்ப்பு எழுந்தது, அவ்வாண்டு மே நாளன்று அது திரும்பப் பெறப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். 2021இல் வந்த இன்னொரு சட்டத்தைப்பற்றி நம்மில் பலருக்குத் தெரியாது. கடைகளில் நின்றுகொண்டே வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்கிறது அது. உட்காருவதற்கு ஒரு சட்டம்! வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' படம் 2010இல் வந்தபோது, துணிக்கடைப் பிள்ளைகளின் கால்களைப்பற்றி நாம் கண்ணீர் விட்டோம். சட்டம் வர மேலும் பதினோராண்டு ஆயிற்று. கேரளம் 2018இலேயே இதற்கு வழி செய்துவிட்டது.

ஆனால் சட்டம் இருக்கையைத் தரும். பக்கத்தில் ஓர் ஆளைத் தராது. 2024 ஜூலையில் இந்நகரில் பணியாற்றிவந்த ஓர் இளம் கணக்காளர் இறந்துபோனார். வேலைச் சுமையே காரணம் என்று அவருடைய தாய் எழுதிய கடிதம் சில வாரங்களில் நாடெங்கும் படிக்கப்பட்டது. நிறுவனத்தார் அதை ஏற்கவில்லை. மத்திய அரசு விசாரிப்பதாகச் சொல்லிற்று. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் யார்? எனினும் அக்கடிதத்தில் ஒரு செய்தி இருந்தது. இறுதிச் சடங்குக்கு அலுவலகத்திலிருந்து ஒருவர்கூட வரவில்லை என்று அந்தத் தாய் எழுதியிருந்தார். வேலை நேரத்தைப்பற்றி அவ்வளவு எழுதியவர் இதையும் எழுதினாரே! பெற்ற மனத்துக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்திருக்கின்றன. அன்று வராதவர்களும் களைத்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள் என்றே எண்ணத் தோன்றுகிறது. களைத்தவனுக்குப் பக்கத்தில் களைத்தவன் இருப்பதே தெரிவதில்லை.

கனவுக்கு வருகிறேன். பட்டிமன்றத் தலைப்பிலேயே நாம் ஒரு பிழை செய்தோம் என்று இப்போது தோன்றுகிறது. கனவையும் உழைப்பையும் எதிர் எதிரே நிறுத்தினோம். அங்கே கனவு என்று நாம் சொன்னது வேலை, சம்பளம், வெளிநாடு. அப்துல் கலாம் மாணவர்களைக் கனவு காணச் சொன்ன நாள்முதல், கனவு என்ற சொல் விடுதிச் சுவரொட்டியில் ஏறிவிட்டது. அவர் சொன்னதில் குற்றமில்லை. சுவரொட்டி எழுதுகிறவர்களிடம்தான் குற்றம். உறக்கத்தில் வரும் கனவை யாரும் மதிப்பதில்லை. உறங்காமல் இருப்பவனே கனவு காண்பவன் என்று ஆக்கிவிட்டார்கள்.

உறக்கக் கனவைப்பற்றி அறிவியல் சொல்வது சுவையானது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்பவர் நம்மைப்போல் ஓர் ஆராய்ச்சி மாணவர். வீட்டில் வறுமை. தம் சிறுவயது மகனையே படுக்கவைத்து, கண்ணோரத்தில் மின்கம்பிகளை ஒட்டி, இரவெல்லாம் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உறங்கும் பிள்ளையின் கண்கள் இமைக்குள்ளே விரைந்து அசைவதைக் கருவி காட்டிற்று. வேறு பலரிடம் சோதித்தபோது, அந்த வேளையில் எழுப்பப்பட்டவர்களுள் மிகப்பலர் கனவு கண்டுகொண்டிருந்ததாகச் சொன்னார்கள். 1953இல் அவரும் அவருடைய ஆசிரியர் கிளெய்ட்மனும் இதை வெளியிட்டனர். இந்தக் கண்ணசைவு உறக்கம் இரவில் ஏறக்குறைய ஒன்றரை மணிக்கு ஒருமுறை வருகிறது. விடியலை நெருங்க நெருங்க நீள்கிறது. ஆகவே நான்கு மணி நேரம் உறங்கி, கடிகாரத்தின் கூச்சலில் எழுபவன் பாதி உறக்கத்தை இழக்கிறான். கனவில் பாதிக்கு மேல் இழக்கிறான். கனவுக்காக உறக்கத்தை விடு என்ற அறிவுரையின் வேடிக்கையைப் பார்த்தீர்களா?

அந்தத் தம்பியிடம் கேட்டேன், கனவு வருமா என்று. "எப்பவாச்சும்" என்றான். சிறிது தயங்கி ஒன்று சொன்னான். கனவில் அவன் தாயார் அடுப்படியிலிருந்து சாப்பிடக் கூப்பிடுகிறார்களாம். "இதோ வரேம்மா" என்று சொல்ல வாயெடுக்கிறான். வாயில் மராத்தி வருகிறது. தாயாருக்குப் புரியவில்லை. மறுபடியும் கூப்பிடுகிறார்கள். மறுபடியும் இவன் மராத்தியில் சொல்கிறான். சோறு ஆறுகிறது. இதைச் சொல்லிவிட்டு அவன் சிரித்தான். இருவரும் சிரித்தோம். எனக்கும் இதுபோல் ஒன்று உண்டு. என் கனவில் எங்கள் ஊர்ப் பெட்டிக்கடைக்காரர் மராத்தி பேசுவார், நான் தமிழில் விலை கேட்பேன். இவ்வளவு நாள் யாரிடமும் சொன்னதில்லை. அவன் சொன்ன பிறகே எனக்கும் சொல்லத் தோன்றிற்று.

கனவு என்பது சொல்லப்படுவதற்காகவே வருகிறது போலும். நம் இலக்கியத்தைப் பாருங்கள். சிலப்பதிகாரத்தில் கண்ணகி தீக்கனவு கண்டாள். கணவன் கையைப் பற்றிக்கொண்டு ஒரு பெருநகருக்குள் புகுவதாகவும், அவ்வூரார் கோவலன்மேல் ஒரு பழி சுமத்துவதாகவும் கண்ட கனவு. அவள் அதைத் தன்னுள்ளே வைத்துப் புழுங்கவில்லை. தோழி தேவந்தியிடம் சொன்னாள். அந்தக் காதைக்கே 'கனாத்திறம் உரைத்த காதை' என்று பெயர். கண்டதைவிட உரைத்ததற்குத்தான் பெயரிலே இடம். மதுரையில் பாண்டியன் தேவியும் தன் கனவை முதலில் தோழியிடம் சொல்கிறாள், பிறகே அரசனிடம் போகிறாள். ஆண்டாள் தன் திருமணக் கனவைப் பாட்டுக்குப் பாட்டுத் தோழியை விளித்தே பாடினாள். திருக்குறளில் 122ஆம் அதிகாரத்தின் பெயர் 'கனவுநிலை உரைத்தல்'. அங்கேயும் உரைத்தல்தான். பிரிந்தவனைக் கனவிலே கண்ட பெண், அந்தக் கனவை வீட்டுக்கு வந்த விருந்தாகக் கருதி உபசரிக்கத் தவிக்கிறாள். இவர்கள் யாருக்கும் அறிவுரை வேண்டியிருக்கவில்லை. கேட்க ஒருத்தி இருந்தாள்.

நமக்கு யார் இருக்கிறார்கள்? கேம்ப் என்ற பெயரையே எண்ணிப் பாருங்கள். 1817இல் கிர்க்கிப் போரில் பேஷ்வாவின் படை தோற்றதை ஒட்டி, ஆங்கிலேயர் தம் படைக்கு அமைத்த குடியிருப்பு இது. தூய தமிழில் சொன்னால் பாசறை. பாசறை என்பது தங்கிப் போகும் இடம். யாருக்கும் சொந்த ஊரன்று. படையை ஒட்டித் தெற்கேயிருந்து வந்து இங்கேயே வேர்விட்ட தமிழ்க் குடும்பங்கள் உண்டு. மகாத்மா காந்தி சாலையில் கூட்டத்தோடு நடக்கும்போது, பின்னாலிருந்து யாரோ தமிழில் பிள்ளையை அதட்டும் குரல் கேட்டால், திரும்பிப் பார்க்காத தமிழ் மாணவன் உண்டா? அந்தத் திரும்பிப் பார்த்தலில் எவ்வளவு பசி இருக்கிறது!

பாசறையில் உறக்கம் வராது என்பது நம் புலவர்கள் கண்ட செய்தி. முல்லைப்பாட்டில் அரசன் பாசறையில் படுத்தும் உறக்கமின்றிக் கிடக்கிறான். புண்பட்ட யானைகளும் மாண்ட வீரர்களும் அவன் நினைவில் வருகின்றனர். நெடுநல்வாடையில் மன்னன் படுக்கவே இல்லை. நள்ளிரவில், வாடைக்காற்றும் மழைத்துளியும் வீச, சிலரோடு மட்டும் நடந்து சென்று, புண்பட்ட வீரர்களை ஒருவர் ஒருவராகக் காண்கிறான். மன்னனுக்கே அதற்கு நேரம் இருந்தது. நம் மன்றச் செயற்குழுவுக்கு இருக்காதா?

களைத்தவனை நடத்தும் முறையைப்பற்றித் தமிழில் ஒரு பாட்டு இருப்பதைப் பட்டிமன்றம் நடத்திய நாளில் நான் எண்ணிப் பார்க்கவில்லை. புறநானூற்றின் ஐம்பதாம் பாட்டு. மோசிகீரனார் என்ற புலவர் நெடுந்தொலைவு நடந்து சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனைக்கு வந்தார். அங்கே ஒரு கட்டில் இருந்தது; மெத்தென்று பூப்பரப்பி இருந்தது. களைப்பு மிகுதியால் புலவர் ஏறிப் படுத்தார்; உறங்கிவிட்டார். அது வீரமுரசு வைக்கும் கட்டில். முரசை நீராட்ட எடுத்துச் சென்றிருந்தார்கள். அந்தக் கட்டிலின்மேல் வேறொருவர் ஏறினால் தண்டனை வாள்தான். மன்னன் வந்தான். கண்டான். வாளை எடுக்கவில்லை. விசிறியை எடுத்தான். புலவர் விழிக்கும்வரை வீசிக்கொண்டு நின்றான்.

விழித்த புலவர் வியந்து பாடிய பாட்டில் ஒரு கருத்து வருகிறது. நீ தமிழை முழுதும் அறிந்தவன் என்பதற்கு, என்னைக் கொல்லாமல் விட்ட அதுவே போதுமே என்கிறார். அதற்கும் மேலே விசிறியும் வீசினாயே என்று வியக்கிறார். நண்பர்களே, இந்தக் கருத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். எத்தனை நூல் கற்றான், எவ்வளவு இலக்கணம் அறிந்தான், எந்த மேடையில் பேசினான் என்று புலவர் கேட்கவில்லை. களைத்து உறங்கியவனை எழுப்பாமல் விட்டான். ஆகவே தமிழ் அறிந்தவன். இந்த அளவுகோலால் அளந்தால் சென்ற ஆண்டுப் பட்டிமன்ற நடுவருக்கு எத்தனை மதிப்பெண் கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மறுப்புகள் வரும் என்பதை அறிவேன். செயற்குழு நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோதே, "மன்றம் என்ன சத்திரமா?" என்றார். இன்னொருவர் வள்ளுவரைத் துணைக்கு அழைத்தார். மடியின்மை என்று ஓர் அதிகாரமே வைத்தவர் அன்றோ அவர்? கெட்டுப்போக விரும்புவோர் ஏறும் மரக்கலங்களுள் துயிலையும் ஒன்றாகச் சேர்த்தவர் அன்றோ? உண்மைதான். மடிக்கு நான் வழக்காட வரவில்லை. செய்யவேண்டியதைச் செய்யாமல் படுத்திருப்பது மடி. இரவெல்லாம் பெட்டி அடுக்கி, காலையில் வகுப்பில் குறிப்பெடுத்து, ஞாயிற்றுக்கிழமை படுக்க இடமின்றி நம் நாற்காலியில் சாய்ந்தவனிடம் மடி எங்கே இருக்கிறது? வள்ளுவர் அவனைக் கண்டிருந்தால் அதிகாரத்தைக் காட்டியிருப்பாரா, விசிறியைத் தேடியிருப்பாரா? எனக்கு ஐயமில்லை.

சத்திரம் என்ற சொல்லை இழிவாகச் சொன்னதும் எனக்கு வருத்தமே. வழிநடந்தவன் திண்ணையில் படுத்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வீடு திண்ணை கட்டியவர்கள் நம் பாட்டன்மார். படுத்தவனிடம் அவர்கள் பட்டிமன்றத் தலைப்புக் கேட்கவில்லை. இன்று நாம் கட்டும் வீடுகளில் திண்ணை இல்லை. அது கட்டடக்காரர் குற்றம் என்று விட்டுவிடலாம். நம் மன்றத்திலும் திண்ணை இல்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஆண்டுக்கு ஒரு பொங்கல் விழா, ஒரு கவியரங்கம், ஒரு பட்டிமன்றம், ஒரு மலர். எல்லாவற்றிலும் ஒருவர் பேச, மற்றவர் கேட்க, முடிவில் நன்றியுரை. பேசத் தெரிந்தவனுக்கு நம்மிடம் மேடை இருக்கிறது; களைத்து வந்தவனுக்கு என்ன இருக்கிறது? முதலாண்டுத் தம்பி தங்கைகள் இரண்டு கூட்டத்துக்கு வந்து மூன்றாம் கூட்டத்துக்கு வராமல் போவதைப்பற்றி ஒவ்வோர் ஆண்டறிக்கையிலும் வருந்துகிறோம். வராதவர்களுள் ஒருவரையேனும் தேடிப்போய்க் கேட்டதுண்டா? நானும் தேடிப்போகவில்லை. பேக்கரி மூடியிருந்ததால் அன்று அவன் எனக்கு அகப்பட்டான். அது திறந்திருந்தால் பெட்டியை வாங்கிக்கொண்டு அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் போயிருப்போம். பிற்பகலில் கடை அடைக்கும் ஊரைக் கேலி செய்ய எனக்கு நா எழாதது இதனால்தான்.

அன்று கடை திறந்ததும் பெட்டிகளை வாங்கிக்கொண்டு பூல்கேட்டில் பஸ் ஏறினோம். அவனுக்கு வளாகத்தில் நூலகத்தில் ஒரு வேலை இருந்தது. பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தான். சிறிது நேரத்தில் தலை என் தோளில் சாய்ந்தது. மாலை நேரத்து நெரிசல். நடத்துநர் மராத்தியில் இரைந்தார். அவன் எழவில்லை. இறங்கவேண்டிய நிறுத்தத்துக்குச் சற்று முன்னே அவனை எழுப்ப நினைத்தேன், எழுப்பவில்லை. கடைசி நிறுத்தம் வரை போனோம். அங்கே அவன் விழித்து, "எங்கண்ணா வந்துட்டோம்?" என்றான். அதே பஸ்ஸில் திரும்பி வந்தோம். இரண்டாம் முறை சீட்டு வாங்கிய பணத்தை அவன் கொடுத்தே தீருவேன் என்றான், நான் வாங்கவில்லை.

ஆகவே செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் இது. பெரிய திட்டம் ஒன்றும் இல்லை; செலவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் கூட்டத்துக்கு வாங்கும் அறை காலை முதல் நம் பொறுப்பில்தான் இருக்கிறது. கூட்டம் மாலை ஐந்து மணிக்கு. இடைப்பட்ட நேரமெல்லாம் அது பூட்டிக் கிடக்கிறது. ஒரு மணி முதல் நான்கு மணி வரை அதைத் திறந்து வைப்போம். ஊரார் கடையை அடைக்கும் அந்த மூன்று மணி நேரம் நாம் கதவைத் திறப்போம். நாற்காலிகளை ஒருபக்கம் அடுக்கிவிட்டால் எட்டுப் பாய் விரிக்கலாம், அளந்து பார்த்துவிட்டேன். பெண்களுக்கு அடுத்துள்ள சிறிய அறையைக் கேட்டுப் பெறலாம். அதற்கு நம் மாணவியர் இருவர் முன்வந்திருக்கிறார்கள். யார் வந்தாலும் பெயர் எழுதவேண்டாம். ஏன் களைத்தாய் என்று கேட்கவேண்டாம். எழுந்தபின் தேநீர் குடிக்கலாம். கனவு கண்டிருந்தால் சொல்லலாம். சொல்ல விருப்பமில்லாவிட்டால் வாய்மூடிப் போகலாம். அறையில் ஒரு மின்விசிறி ஓடவில்லை. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

வரும் ஞாயிறு முதலே தொடங்கலாம். முதல் நாள் கதவருகே உட்கார நான் ஆயத்தம். அந்தத் தம்பியிடமும் சொல்லியிருக்கிறேன். வந்தாலும் வரலாம் என்றான். பாய் இரண்டு என்னிடம் இருக்கின்றன. இன்னும் ஆறு வேண்டும். வைத்திருப்பவர்கள் சனிக்கிழமை மாலைக்குள் கொண்டுவந்து சேர்க்கவும்.